வரவு செலவுக் கணக்கில் பூமி: வாசகர் கேள்வி–பதில்

புவி சூடாவது பற்றி மியான்மர் வாசகர்கள் கேட்டு எழுதிய கடிதங்களில் ஒரே கேள்வியைப் பலர் பல விதமாகக் கேட்டிருந்தார்கள். அவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். வயலிலும் அடுப்படியிலும் எழுந்த கேள்விகளுக்கு இடம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம்.

மேமியோவில் பூவுக்கும் ஸ்ட்ராபெரிக்கும் பிளாஸ்டிக் கூடாரம் போடுகிறோம். உள்ளே நுழைந்தாலே வேர்த்துக் கொட்டும். பூமிக்கு மேல் அப்படி எந்தக் கூரையும் இல்லையே, பிறகு எதற்குப் 'பசுமை இல்ல விளைவு' என்று பெயர்?
— மேமியோ வாசகர்

பெயர் பொருத்தமில்லாததுதான் ஐயா. உங்கள் கூடாரம் சூடாவதற்கு முதல் காரணம் காற்று அடைபடுவது. தரை சூடாகிறது, தரையைத் தொட்ட காற்று சூடாகிறது, மேலே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. பக்கத்துப் படுதாவை ஒரு முழம் சுருட்டிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் சூடு இறங்கிவிடும். 1909-இல் ராபர்ட் வுட் என்ற இயற்பியலாளர் ஒரு பெட்டிக்குக் கண்ணாடி மூடியும், இன்னொன்றுக்கு அகச்சிவப்புக் கதிரை வெளியே விடும் பாறை உப்பு மூடியும் போட்டு வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சூடாயின.

வளிமண்டலத்தின் வேலை வேறு. பேரேடு எழுதிப் பழகியவர்களுக்கு அதை எளிதாகச் சொல்லலாம். பூமியின் மேல் விழும் சூரிய ஆற்றல், இரவு பகல், துருவம் நடுக்கோடு எல்லாம் சேர்த்துச் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 340 வாட். அதில் சுமார் 100 வாட் மேகத்திலும் பனியிலும் மணலிலும் பட்டு அப்படியே திரும்பிவிடுகிறது. மிச்சம் 240 வாட் வரவு. அதே 240 வாட்டை பூமி அகச்சிவப்புக் கதிராக வெளியே அனுப்பினால்தான் கணக்கு நேராகும். 240 வாட் அனுப்ப ஒரு பரப்புக்கு மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். ஆனால் தரையின் சராசரி வெப்பம் சுமார் 15 டிகிரி. இடையிலுள்ள 33 டிகிரி எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம்.

தரையிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிரை நீராவி, கரியமில வாயு, மீத்தேன் போன்றவை வழியில் விழுங்கிவிடுகின்றன. விழுங்கியதைத் திரும்ப எல்லாத் திசையிலும் உமிழ்கின்றன, கீழேயும்தான். ஆகவே தரைக்குச் சூரியனிடமிருந்து ஒரு வரவு, வானத்திலிருந்து இன்னொரு வரவு. காற்றில் 99 சதவீதமாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இதில் சேருவதில்லை. ஒரே வகை அணு இரண்டு சேர்ந்த மூலக்கூறு அதிரும்போது அதில் மின்சமநிலை குலைவதில்லை. அதனால் அந்தக் கதிரை அது பிடிக்காது.

இது நேற்று முளைத்த சங்கதியும் அல்ல. கரியமில வாயு நிரப்பிய குழாய் வெயிலில் கூடுதலாகச் சூடாவதை யூனிஸ் ஃபுட் 1856-இல் பதிவு செய்தார். ஜான் டிண்டால் 1859-இல் எந்த வாயு எவ்வளவு கதிரைப் பிடிக்கிறது என்று அளக்கத் தொடங்கினார். நிலக்கரி எரிப்பதால் பூமி எவ்வளவு சூடாகும் என்ற கணக்கை ஸ்வாந்தே அரீனியஸ் 1896-இல் பென்சிலும் தாளுமாகப் போட்டார். மாண்டலேக்கு ரயில் போய்ச் சேர்ந்து ஏழு ஆண்டுதான் ஆகியிருந்தது அப்போது.

காற்றில் கரியமில வாயு வெறும் 0.04 சதவீதம். அதுவும் அது பிடிக்க வேண்டிய கதிரை ஏற்கெனவே முழுக்கப் பிடித்துவிட்டது என்கிறார்கள். இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் என்ன?
— யாங்கோன் கல்லூரி மாணவர்

தம்பி, கேள்வியின் முதல் பாதிக்கு விடை மேலேயே இருக்கிறது. 99 சதவீதக் காற்று இந்த ஆட்டத்தில் இல்லை. விளையாடுகிற கொஞ்ச பேரில் ஒருவர் கூடினால் அது தெரியத்தான் செய்யும். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது. சார்லஸ் டேவிட் கீலிங் 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அன்டார்டிகாப் பனியில் சிக்கிய காற்றுக் குமிழிகள் காட்டும் 8 லட்சம் ஆண்டுகளில் ஒருமுறைகூட அது 300-ஐ எட்டிச் சொல்லும்படி தாண்டியதில்லை.

இரண்டாம் பாதிதான் நல்ல கேள்வி. 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய கதிர் தரையிலிருந்து கிளம்பிச் சில மீட்டர் போவதற்குள் விழுங்கப்படுவது உண்மை. ஆனால் விண்வெளிக்குத் தப்பிப் போகும் கதிர் தரையிலிருந்து நேரே போவதில்லை. கைமாறிக் கைமாறி, காற்று மெலிந்து இனிப் பிடிக்க ஆளில்லை என்ற உயரம் வந்த பிறகே போகிறது. சராசரியாக அந்த உயரம் 5 கிலோமீட்டர். மேலே போகப் போக கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் குளிரும், 5 கிலோமீட்டருக்கு 33 டிகிரி. முன்னே பார்த்த அதே 33!

இப்போது கரியமில வாயுவைக் கூட்டுங்கள். 'இனி ஆளில்லை' என்ற உயரம் இன்னும் மேலே போகிறது. மேலே குளிர் அதிகம். குளிர்ந்த அடுக்கு குறைவாகவே உமிழும். செலவு 240-க்குக் கீழே இறங்குகிறது, வரவு அப்படியே இருக்கிறது. கணக்கு நேராகும் வரை கீழே எல்லாம் சூடாக வேண்டும். அந்த உயரம் 150 மீட்டர் ஏறினால் தரைக்கு ஏறக்குறைய 1 டிகிரி. தரையருகே எவ்வளவு 'நிறைந்து' போயிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

நீராவிதானே அதிகம் என்று அடுத்துக் கேட்பீர்கள். அதிகம்தான். ஆனால் நாம் விடும் நீராவி பத்து நாளில் மழையாக இறங்கிவிடும். காற்று 1 டிகிரி சூடானால் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆக நீராவி தானாகத் தொடங்குவதில்லை. வேறொன்று தொடங்கி வைத்த சூட்டைப் பெருக்கிவிடுகிறது.

சூரியனும் எரிமலையும் காரணமாக இருக்கக் கூடாதா? மனிதன்தான் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?
— மோல்மீன், ஓய்வு பெற்ற வாசகர்

கைரேகை பார்த்துத்தான் ஐயா.

உயிருள்ள மரத்திலும் அண்மையில் வெட்டிய விறகிலும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கொஞ்சம் இருக்கும். 5,730 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகிவிடும். கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அது சுத்தமாக இருக்காது. காற்றிலுள்ள கார்பனில் கார்பன்-14 நீர்த்துப் போவதை ஹான்ஸ் சூஸ் 1955-இலேயே எடுத்துக் காட்டினார். இன்னொரு ரேகை, சற்றுக் கனமான கார்பன்-13. செடிகொடிகள் கனமான கார்பனை விட லேசானதையே விரும்பி எடுக்கும். காற்றின் கார்பனும் அந்தப் பக்கமாகவே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆகச் சேர்வது செடிகொடியிலிருந்து வந்த கார்பன், அதுவும் மிகப் பழைய செடிகொடி. யெனான்ஜாவுங் கிணறுகளில் கையால் தோண்டி எடுத்த எண்ணெய் அந்தச் சாதிதான்.

எரிமலைகளெல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடுவது நாம் விடுவதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தவிர, எரிமலை ஆக்சிஜனைத் தின்னாது. எரித்தால்தான் ஆக்சிஜன் குறையும். கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் அதையும் அளந்தார், குறைகிறது. (மூச்சு முட்டும் அளவுக்கு இல்லை, பயப்பட வேண்டாம்.)

சூரியன் என்றால் வளிமண்டலம் மேலும் கீழும் சேர்ந்தே சூடாகியிருக்க வேண்டும். அளந்து பார்த்தால் கீழடுக்கு சூடாகிறது, அதற்கு மேலுள்ள ஸ்ட்ரட்டோஸ்பியர் என்ற அடுக்கு குளிர்கிறது. செலவு கீழேயே முடங்கினால்தான் இப்படி ஆகும். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனை நேரடியாக அளக்கின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறதே ஒழிய, மொத்தத்தில் ஏறவில்லை.

இன்றைய கணக்கு இது: நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் ஆகியவற்றிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயு. காடழிப்பு முதலியவற்றிலிருந்து மேலும் சுமார் 400 கோடி டன். இதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் காற்றில் தங்குகிறது. மிச்சத்தைக் கடலும் காடும் எடுத்துக்கொள்கின்றன.

டியூஷன் பிள்ளைகளுக்கு இரண்டு பாட்டில் சோதனை செய்து காட்டினேன். ஒன்றில் சாதாரணக் காற்று, மற்றதில் சமையல் சோடாவும் வினிகரும் கலந்து வந்த வாயு. பல்பு வெளிச்சத்தில் இரண்டாவது 2 டிகிரி கூடுதல். ஆனால் ஒரு மாணவன் திரும்பச் செய்தபோது வித்தியாசமே வரவில்லை. எங்கே தப்பு?
— தட்டோன் ஆசிரியை

தப்பு உங்களிடம் இல்லை அம்மா, சோதனையிலேயே இருக்கிறது. பாடப் புத்தகங்களிலும் வீடியோக்களிலும் இது ஓயாமல் வருகிறது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறோம்.

பாட்டிலில் வாயு இருப்பது ஒரு சாண் கனம். அந்தக் கனத்தில் கதிர் பிடிக்கப்படுவதால் ஏறும் சூடு மிகச் சொற்பம். நீங்கள் பார்த்த 2 டிகிரிக்குப் பெரும்பங்கு காரணம் வேறு. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். அடியில் தங்கி, சரியாகக் கலக்காமல், சூட்டைச் சுவருக்குக் கடத்தாமல் நிற்கிறது. அகச்சிவப்புக் கதிரைக் கொஞ்சமும் பிடிக்காத ஆர்கான் வாயுவை நிரப்பிச் செய்து பார்த்தவர்களுக்கும் அதே மாதிரிச் சூடு ஏறியது. ஆகச் சரியான முடிவைத் தவறான காரணத்துக்காகக் காட்டும் சோதனை இது. வெப்பமானி பல்பு வெளிச்சத்தை நேராகப் பார்க்கிறதா, பாட்டில் ஒரு விரற்கடை நகர்ந்ததா என்பதே 2 டிகிரி மாற்றிவிடும். மாணவனுக்கு வராமல் போனதில் வியப்பில்லை.

இதற்குப் பதில் வானத்தை அளக்கச் சொல்லுங்கள். துப்பாக்கி வடிவில் தொழிற்சாலைகளில் பயன்படும் அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும், மைனஸ் 50 வரை காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். கொரோனா நாளில் நெற்றியில் வைத்த வகை உதவாது, 32 டிகிரிக்குக் கீழே அது ஒன்றும் காட்டாது. மார்கழி, தை மாதத்தில் மேகமில்லாத இரவில், நிலா, மரம், கம்பி எதுவும் குறுக்கே வராமல் நேர் மேலே பிடியுங்கள். காற்று நன்றாக உலர்ந்திருந்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழே நன்றாகவே இறங்கும். அதே இடத்தில் ஆனி, ஆடி மழை மேகத்தின் கீழ் பிடித்தால் தரை வெப்பத்துக்குச் சில டிகிரிதான் குறைவாகக் காட்டும். வானம் நமக்குக் கதிர் அனுப்புகிறது என்பதைப் பிள்ளைகள் கையாலேயே அளந்துவிடலாம். மார்கழியில் விடியற்காலை குளிர்வதும், மேகம் மூடிய இரவு புழுங்குவதும் ஏன் என்பதும் சேர்ந்தே புரியும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்தக் கருவி 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரை பார்க்கும். அது காட்டுவது பெரும்பாலும் நீராவி, மேகம் ஆகியவற்றின் கதிர். கரியமில வாயுவின் பங்கு அதில் சிறிது.

வயலில் நீர் தேக்கினால் புவி சூடாகும் என்று விரிவாக்க அலுவலர் சொன்னார். நெல்லுக்குத் தண்ணீர் தேக்காமல் எப்படி? இது உண்மையா?
— பெகு மாவட்ட விவசாயி

உண்மை ஐயா. தண்ணீரைத் தேக்கவே கூடாது என்பது அதற்குப் பொருளில்லை.

நீர் தேங்கிய சேற்றுக்குள் ஓரிரு வாரத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோல், வேர், சாணம் ஆகியவற்றைத் தின்று மீத்தேனை விடும். அது வெளியே வரும் வழிதான் வேடிக்கை. நெற்பயிரின் தண்டுக்குள் காற்றுக் குழல் உண்டு, வேருக்கு மூச்சுக் கொண்டு போக. அதே குழல் புகைபோக்கி போல மீத்தேனை மேலே ஏற்றிவிடுகிறது. வயலிலிருந்து வரும் மீத்தேனில் பெரும்பங்கு இப்படித் தண்டு வழியேதான். சேற்றில் கால் வைத்தால் எழும் குமிழி மிச்சக் கணக்கு.

எப்போதும் நீர் நிற்கும் வயலுக்குக் காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா.வின் பன்னாட்டுக் குழு (ஐபிசிசி) வகுத்த அளவு நாளொன்றுக்கு ஹெக்டேருக்கு 1.2 கிலோ மீத்தேன், ஏக்கருக்கு அரைக் கிலோ. 100 நாள் நீர் நின்றால் 50 கிலோ. நூறாண்டுக் கணக்கில் 1 கிலோ மீத்தேன் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆக ஏக்கருக்கு 1,350 கிலோ, 500 லிட்டர் டீசல் எரித்ததற்கு ஈடு. மீத்தேனில் பெரும்பகுதி சுமார் 12 ஆண்டில் கரைந்துவிடும் என்பதால், இதைக் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும்.

வழி புதிதல்ல. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது என்று நம் பாட்டன்மார் சொன்னதுதான். கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் பயம் வரும். அதனால் ஒரு குழாய் நட்டுக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் குழாய் வேண்டுமென்பதில்லை, கணு உடைத்த பெரு மூங்கிலும் ஆகும். நீளம் 35 செ.மீ., உள்விட்டம் 10 முதல் 15 செ.மீ. கீழ் 20 செ.மீ.க்கு மட்டும் சுற்றிலும் 2 செ.மீ. இடைவெளியில் 5 மி.மீ. துளை. வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில், மேடும் பள்ளமும் இல்லாத இடத்தில், துளையுள்ள பாகம் முழுக்க மண்ணுக்குள் போக அடித்து இறக்குங்கள். 15 செ.மீ. வெளியே நிற்கும். பிறகு உள்ளே இருக்கும் மண்ணை அடிவரை அள்ளிவிட வேண்டும். இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் 'குழாயில் தண்ணீரே தெரியவில்லை' என்கிறார்கள். வயலில் நீர் நிற்கும்போது குழாயின் உள்ளும் வெளியும் ஒரே மட்டம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் களிமண் துளையை அடைத்துவிட்டது, பிடுங்கிக் கழுவி நடுங்கள்.

நாற்று நட்டு முதல் இரண்டு வாரம் நீரை எடுக்காதீர்கள், எடுத்தால் களை முந்திக்கொள்ளும். அதன் பின் 5 செ.மீ. நீர் கட்டி அப்படியே விடுங்கள். குழாய்க்குள் நீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் திரும்ப 5 செ.மீ. பாய்ச்சுங்கள். மேலே மண் காய்ந்தது போலத் தெரியும், வேர் இருக்கும் இடத்தில் ஈரம் இருக்கும். கதிர் வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் மட்டும் 5 செ.மீ. நீர் குறையவே கூடாது. அப்போது காய்ந்தால் பதராகும். அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன் வடித்துவிடுங்கள்.

இப்படி நாலைந்து முறை காய்ந்து பாய்ந்தால் மீத்தேன் 45 சதவீதம் குறையும் என்பது அதே குழுவின் கணக்கு. மேலே சொன்ன 500 லிட்டர் டீசலில் 225 லிட்டர் கழிந்தது போல. பம்புசெட்டுக்கு ஊற்றும் நிஜ டீசலில் மிச்சமாவது தனி.

கெடுவது எங்கே என்றும் தெரிந்துகொள்ளுங்கள். யூரியாவைக் காய்ந்த மண்ணில் தூவினால் மீத்தேன் போய் நைட்ரஸ் ஆக்சைடு வரும். அது கிலோவுக்கு 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். நீர் பாய்ச்சப் போகும் அன்றே யூரியா போட்டு, உடனே பாய்ச்சி மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள். களிமண் வயலில் விரல் நுழையும் வெடிப்பு வர விடாதீர்கள், அடுத்துக் கட்டும் நீர் அந்த வழியே ஓடிவிடும். ஐராவதி டெல்டாவில் கடலை ஒட்டிய உப்பு மண்ணுக்கு இந்த முறையே வேண்டாம், காய்ந்தால் உப்பு மேலே ஏறும். மழைக்கால நெல்லில் முட்டளவு நீர் தானாக நிற்கும்போது குழாய் நட்டு என்ன செய்வது? இது பாசன வசதியுள்ள கோடை நெல்லுக்கான வழி.

வைக்கோல் பற்றியும் ஒரு வார்த்தை. பச்சை வைக்கோலை உழுது உடனே நீர் கட்டுவதுதான் மீத்தேனுக்கு விருந்து வைப்பது. குறைந்தது ஒரு மாதம் முன்பே, நிலம் காய்ந்திருக்கும்போது மடக்கி உழுதுவிட்டால் பாதி மட்கிவிடும். நெல்லுக்குப் பின் உளுந்து போடுகிறவர்களுக்கு இது தானாகவே நடக்கிறது.

மரக்கரி அடுப்பு நல்லதா, கேஸ் அடுப்பு நல்லதா? கரி மரத்திலிருந்து வந்தது, மரம் திரும்ப வளரும், அதனால் குற்றமில்லை என்று மகன் சொல்கிறான்.
— யாங்கோன் இல்லத்தரசி

மகன் சொல்வதில் பாதி சரி அம்மா. வெட்டிய இடத்தில் திரும்ப வளர விட்டால் அது சுற்றிவரும் கார்பன், மண்ணுக்குள்ளிருந்து புதிதாகத் தோண்டியது அல்ல. வளர விடுகிறார்களா என்பதுதான் கேள்வி. 2010 முதல் 2015 வரை மியான்மர் ஆண்டுக்குச் சராசரி 5,46,000 ஹெக்டேர் காட்டை இழந்ததாக ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு கணக்கிட்டது. உலகில் பிரேசில், இந்தோனேசியாவுக்கு அடுத்து மூன்றாம் இடம். டெல்டாவின் அலையாத்திக் காட்டில் ஒரு பகுதி கரிச் சூளைக்கும் போனது.

சூளைக் கணக்கையும் பாருங்கள். மண் மூடிய பழைய சூளையில் ஒரு வீசைக் கரிக்கு ஐந்து முதல் ஏழு வீசை உலர்ந்த விறகு வேண்டும். வீட்டில் ஒரு வீசை, அதாவது 1.63 கிலோ கரி எரிந்தால் நாலரைக் கிலோ கரியமில வாயு. அதற்கு முன்பே சூளைப் புகையில் மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் போயாயிற்று. கேஸ் 1 கிலோவுக்கு 3 கிலோ கரியமில வாயு, ஆனால் அது சமைக்கும் சமையலுக்குக் கரி இரண்டு, மூன்று மடங்கு எடை வேண்டும். காடு திரும்ப வளராத ஊரில் கேஸே மேல். மின்சாரம் நிலையாக வருமிடத்தில் மின்னடுப்பு அதனினும் மேல்.

கரிதான் கையில் என்றால்: சட்டிக்கும் அடுப்பு விளிம்புக்கும் இடையே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் சந்து வேண்டாம், சூடு பக்கவாட்டில் ஓடிவிடும். கரி கனன்றதும் கீழ்வாயைப் பாதி மூடுங்கள். சமையல் முடிந்ததும் கனலை மூடியுள்ள சட்டியில் போட்டு அணைத்தால் மறுநாளுக்கு ஆகும். கதவு, ஜன்னல் அடைத்த அறையில் கரி அடுப்பு ஒருபோதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

ஏசிக்கு வருடா வருடம் கேஸ் ஏற்றுகிறோம். அதுவும் இதில் சேர்த்தியா?
— மாண்டலே வாசகர்

பலமாகச் சேர்த்தி. பழைய ஏசியிலுள்ள ஆர்-22 வாயு கிலோவுக்கு ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு சிறிய ஸ்ப்ளிட் ஏசியில் 800 கிராம் இருந்து அது கசிந்து போனால், 600 லிட்டருக்கு மேல் பெட்ரோல் எரித்த கணக்கு.

ஏசி கேஸ் தீர்ந்து போகும் பொருளல்ல. குறைந்தால் எங்கோ ஓட்டை. பெரும்பாலும் செம்புக் குழாயை நட்டுப் போட்டு இறுக்கிய இடம்தான், அங்கே எண்ணெய்ப் பிசுக்குத் தெரியும். சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். மெக்கானிக் நைட்ரஜன் அடைத்துச் சோதிக்கட்டும். ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டு வந்தால் அனுப்பிவிடுங்கள், கம்ப்ரசர் எண்ணெயோடு அது வெடிக்கும். முனையை வெட்டிப் புதிதாக விரித்து, வாக்குவம் பம்ப் போட்டு ஈரத்தை எடுத்து, தராசில் நிறுத்துக் கேஸ் ஏற்ற வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து 'ஜில்லென்று இருக்கிறது, போதும்' என்பது வேலை அல்ல.

ஓசோன் ஓட்டை வழியாக வெயில் வந்துதான் சூடாகிறதா?
— தாவோய் மாணவி

இல்லை. ஓசோன் குறைந்தால் கூடுவது புற ஊதாக் கதிர், தோலுக்கும் கண்ணுக்கும் கேடு. இரண்டையும் இணைப்பது ஒன்றுதான்: ஓசோனைத் தின்ற குளிர்பதன வாயுக்களே வெப்பத்தையும் பிடித்தன. 1987 மாண்ட்ரியால் உடன்பாட்டால் அவை ஒழிந்துவருகின்றன, ஓசோன் தேறிவருகிறது.

நர்கிஸ் புயல் புவி வெப்பத்தால் வந்ததா? 2024 சித்திரை வெயிலும் அதுதானா?
— லபுட்டாவிலிருந்தும் மாக்வேயிலிருந்தும் இருவர்

வெயிலை முதலில் எடுத்துக்கொள்வோம். 2024 ஏப்ரல் 28-இல் சௌக் நகரில் 48.2 டிகிரி பதிவானது. பசிபிக் கடல் சூடேறும் எல் நினோவும் அந்த ஆண்டு கைகொடுத்தது, மத்திய வறள் மண்டலத்தின் இயல்பும் அது. ஆனால் இவை மேலே ஏறி நிற்கும் தரைமட்டமே உயர்ந்துவிட்டது. 2024-இல் உலகச் சராசரி தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட சுமார் 1.55 டிகிரி அதிகம். நகரத்துத் தகரக் கூரையும் கான்கிரீட்டும் இரவில் விடும் சூடு இதோடு சேராத தனிக் கணக்கு, இரண்டையும் குழப்ப வேண்டாம்.

நர்கிஸ் போன்ற ஒரு தனிப் புயலை 'இதனால்தான் பிறந்தது' என்று சொல்ல முடியாது. 2008 மே 2 இரவு டெல்டாவில் மாண்டோரும் காணாமற்போனோருமாகச் சுமார் 1,38,000 பேர். கொன்றது காற்றைவிட, ஆற்று வாய் வழியே ஏறிவந்த கடல். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. ஒரு மேடும் இல்லாத சமவெளியில் அந்த ஒரு சாண் நீர், புயலலையோடு சேர்ந்து கூடுதல் தூரம் உள்ளே போகும். அலையைத் தடுக்க வேண்டிய அலையாத்திக் காடு ஏற்கெனவே வயலாகவும் கரியாகவும் போயிருந்தது. சூடான கடல் புயலின் எண்ணிக்கையைக் கூட்டும் என்பதற்கு உறுதியில்லை. வரும் புயல்களில் வலியவற்றின் பங்கையும், அவை கொட்டும் மழையையும் கூட்டுகிறது.

கரண்ட் போகும்போது வீட்டில் ஜெனரேட்டர் ஓட்டுகிறோம். நாம் ஒரு வீடு ஓட்டுவதில் என்ன ஆகிவிடப் போகிறது?
— யாங்கோன், தாம்வே வாசகர்

கணக்கை மட்டும் போட்டுத் தருகிறோம். மணிக்கு முக்கால் லிட்டர் பெட்ரோல், நாளுக்கு 4 மணி நேரம் என்றால் 3 லிட்டர். லிட்டருக்கு 2.3 கிலோ கரியமில வாயு. பெட்ரோலைவிட அது எடை கூடுவது ஏன் என்று பலர் கேட்பதுண்டு: 12 பங்கு கார்பன் காற்றிலிருந்து 32 பங்கு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 ஆகிறது. நாளுக்கு 7 கிலோ, ஆண்டுக்கு இரண்டரை டன். இந்த நாட்டில் தலைக்குச் சராசரி நிலக்கரி, எண்ணெய், எரிவாயுப் புகை ஒரு டன்னுக்கும் கீழே.

இதில் கண்ணுக்குத் தெரியாத நட்டம் ஒன்று. ஃப்ரிட்ஜ், இரண்டு ஃபேன், நாலு விளக்கு சேர்ந்து 350 வாட்தான். 4 மணி நேரத்துக்கு 1.4 யூனிட். அதற்கு 7 கிலோ என்றால் யூனிட்டுக்கு 5 கிலோ. நிலக்கரி மின்நிலையமே யூனிட்டுக்கு 1 கிலோ அளவில்தான் விடுகிறது. 2 கிலோவாட் இயந்திரத்தை 350 வாட்டுக்கு ஓட்டினால் பெட்ரோலில் பெரும்பகுதி இயந்திரத்தைச் சுழற்றவே போய்விடும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றும் இன்வர்ட்டரும் வைத்தால் 1.2 யூனிட் கையிருப்பு. கரண்ட் இருக்கும்போது அது நிரம்பட்டும். இல்லாவிட்டால் ஜெனரேட்டரைக் கூடுதல் வேலையில் ஓட்டி, பேட்டரியை நிரப்பிவிட்டு அணைத்துவிடுங்கள். ஈய பேட்டரி என்றால் பாதிக்கு மேல் காலி செய்யாதீர்கள், ஓராண்டில் செத்துவிடும்.

கூரையில் இடமிருந்தால் 400 வாட் பேனல் ஒன்று வெயில் மாதங்களில் நாளுக்கு ஒன்றரை யூனிட் தரும். அடைமழை மாதங்களில் பாதிதான். தெற்குப் பார்த்து 17 டிகிரி சாய்வாக வையுங்கள், மழைநீர் வழியும்போது அழுக்கையும் கொண்டு போகும். மாசி, பங்குனியில் தூசி படியும். விடியற்காலையில் கழுவுங்கள், நண்பகலில் கொதிக்கும் கண்ணாடி மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம்.